கிணறு முதலில், அதிர்வலை பிறகு: ஷேல் பாறையை எடைபோடப் பழகுபவர்களுக்கு

மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துப் பிள்ளைகளிடம் ‘ரிசர்வாயர்’ என்று சொன்னால் அவர்கள் நினைப்பில் வருவது மவுசாக்கலையும் காசல்ரீயும்தான். அணைக்குப் பின்னால் பரந்து கிடக்கும் தண்ணீர். கடும் வறட்சியில் வற்றினால் மூழ்கிப்போன பழைய கோயிலின் தலை தெரியும். பெற்றோலியத் துறையில் தேக்கம் என்றால் குளம் அல்ல, பாறை. துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளில்தான் எண்ணெயும் வாயுவும் இருக்கின்றன. மணற்கல்லில் அந்தத் துளைகள் ஒன்றோடொன்று தொடுத்திருக்கும். கிணறு இறங்கினால் வாயு தானாக நகர்ந்து வரும். களிமண் இறுகித் தகடு தகடாகப் படிந்த ஷேல் பாறையில் அறைகள் உண்டு, வாசல்கள் கிடையாது. நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்துதான் வாசல் வைக்க வேண்டும். ஆகவே ஷேலை எடைபோடுபவர் இரண்டு கேள்விகளோடு போக வேண்டும்: உள்ளே சரக்கு இருக்கிறதா? உடைத்தால் உடையுமா?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் என் வீட்டு முன்னறையில் நாலைந்து பேர் கூடுவார்கள். பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கும் இருவர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருக்கும் ஒரு தங்கச்சி, வளைகுடாவில் எண்ணெய்க் கிணற்றுத் தளத்தில் நாலு வருடம் உடல் உழைப்பு வேலை பார்த்துத் திரும்பிவந்து, ‘அங்கே என்னதான் அளந்தார்கள்’ என்று இப்போது தெரிந்துகொள்ள விரும்பும் ஓர் அண்ணன். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், மடக்கை தெரிந்தால் போதும்.

காலடியில் தேடாதீர்கள்

புதிதாக வருபவர் எல்லோரும் கேட்பது இதைத்தான்: நம் மலைக்கு அடியில் ஷேல் இருக்குமா? இருக்காது. மலையகத்தின் பாறைகள் கேம்பிரியன் காலத்துக்கும் முந்தியவை. ஏறத்தாழ 55 கோடி வருடங்களுக்கு முன் பூமியின் ஆழத்தில் 800 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் வெந்து உருமாறியவை. சார்னொக்கைட், நைஸ், குவாட்சைட், பளிங்கு என்று பெயர் சொல்லலாம். இவற்றுள் சில ஒரு காலத்தில் கடலடிக் களிமண்ணாக இருந்தவைதாம். கொண்டலைட் என்ற பாறையை உடைத்துப் பார்த்தால் மினுங்கும் காரீயச் (கிராபைட்) செதில்கள் தெரியும். உயிரினங்களின் எச்சமான சேதனப் பொருள் அளவுக்கு மீறி வெந்தால் கடைசியில் மிஞ்சுவது அந்தக் காரீயம். ‘முதிர்ச்சி’ என்ற சொல் பின்னால் வரும்போது இந்தச் செதிலை நினைவில் வையுங்கள்.

பல்லேகலையில் நில அதிர்வு நிலையம் இருப்பதால் அங்கே போனால் ஷேலைத் தேட உதவும் அதிர்வலைத் தரவு கிடைக்குமா என்றும் ஒருவர் கேட்டார். கிடைக்காது. அது பூமியதிர்ச்சியைக் காத்திருந்து கேட்கும் காது. உலக வலையமைப்பின் ஒரு கண்ணி. நமக்கு வேண்டியது நாமே தட்டி எழுப்பும் ஒலியின் தெறிப்பு. கடலில் காற்றுத் துப்பாக்கி, தரையில் அதிர்வு லொறி அல்லது வெடி. ஒலி கீழே போய், பாறை மாறும் ஒவ்வோர் எல்லையிலும் கொஞ்சம் தெறித்து மேலே வரும். அந்தத் தெறிப்புகளை ஆயிரக்கணக்கில் பதிந்து அடுக்கினால் நிலத்தின் குறுக்குவெட்டு மாதிரி ஒரு படம் கிடைக்கும். மாதிரிதான். அந்தப் படத்தின் நெட்டச்சு மீற்றர் அல்ல, நேரம். இதை மறந்தவர்கள் நிறையப் பேர்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று எழுதி வையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதச் சொல்வேன். நல்ல ஷேலில் மொத்தச் சேதனக் காபன் நிறையில் 2 வீதத்துக்கு மேல் இருந்தால் கவனிக்கலாம். அது சரியான பதத்துக்கு வெந்திருக்க வேண்டும், இதைத்தான் முதிர்ச்சி என்கிறோம்: விட்ரினைட் தெறிப்பளவு (பாறையிலுள்ள தாவரத் துகள் ஒளியைத் தெறிக்கும் அளவு, வேக வேகக் கூடும்) 0.6 வீதமளவில் எண்ணெய் பிறக்கத் தொடங்கும், 1.3-ஐத் தாண்டினால் வாயுப் பக்கம் சாயும், 2-க்கு மேல் உலர்வாயு. தடிப்பு சில பத்து மீற்றராவது வேண்டும். களிமண் குறைவாகவும் குவாட்ஸ் அல்லது சுண்ணம் கூடுதலாகவும் இருந்தால் உடையும். பாறைக்குள் அழுத்தம் இயல்பைவிட உயர்ந்திருந்தால் நல்லது. பக்கத்தில் பெரிய பிளவுத்தளமோ (பாறை உடைந்து நகர்ந்த தளம்) நீர் நிறைந்த சுண்ணக்கல்லோ இருக்கக் கூடாது.

இவை ஒன்றோடொன்று பெருக்கப்படும் எண்கள், கூட்டப்படுபவை அல்ல. ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம். அதிர்வலைப் படம் இவற்றில் பெரும்பாலானவற்றை நேராக அளப்பதில்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். சேதனக் காபனும் முதிர்ச்சியும் கனிமக் கலவையும் கிணற்றிலிருந்துதான் வரும். கிணறு ஒரு புள்ளியில் உண்மை சொல்லும். அதிர்வலை நூறு சதுரக் கிலோமீற்றருக்கு வதந்தி சொல்லும். வதந்தியை உண்மையோடு ஒப்பிட்டுப் பழகிய பிறகே வதந்தியை நம்ப வேண்டும். வேலையின் வரிசை அதனால்தான் கிணற்றில் தொடங்குகிறது.

படி 2: தரவைச் சேருங்கள், பிறகு சந்தேகப்படுங்கள்

பழகுவதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள டீபொட் டோம் எண்ணெய்க் களத்தின் முப்பரிமாண அதிர்வலைத் தரவும் கிணற்றுப் பதிவுகளும் பொதுவில் கிடைக்கின்றன. அங்கே நயோபிராரா என்ற சுண்ணச் சத்துள்ள ஷேல் உண்டு. கன்சாஸ் மாநிலப் புவிச்சரிதவியல் நிறுவனம் ஏராளமான கிணற்றுப் பதிவுகளை இலவசமாக வைத்திருக்கிறது. படம் பார்க்க ஓப்பன்டிடெக்ட் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். பைத்தன் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு லாஸ்ஐஓ, செக்ஒய்ஐஓ என்ற இரண்டு நூலகங்கள் கை கொடுக்கும். முப்பரிமாணக் கோப்பு பெரியது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் தோட்டத்தில் இருப்பவர்கள் இரவில் இறக்கிக்கொள்ளுங்கள், இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

கிணற்றுப் பதிவு என்பது கம்பியில் கட்டி இறக்கிய கருவிகள் ஆழத்துக்கு ஆழம் அளந்த எண்களின் வரிசை. அந்த எண்கள் இருக்கும் லாஸ் (LAS) கோப்பைத் திறந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது கலிப்பர், அதாவது துளையின் விட்டம். ஷேல் சுவர் உதிரும் குணமுடையது. உதிர்ந்து அகன்ற இடத்தில் அடர்த்திக் கருவி பாறையைத் தொடாமல் சேற்றை அளந்துவிடும்.

இதை நான் சொந்தச் செலவில் கற்றேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு கிணற்றில் அடர்த்தி சட்டென்று இறங்கிய 12 மீற்றரைப் பார்த்து, சேதனக் காபன் 9 வீதம் என்று கணக்கிட்டுச் சிவப்பு நிறம் பூசிக் கூட்டத்தில் காட்டினேன். மூலையில் இருந்த பெரியவர் ஒருவர், ‘கலிப்பரைக் காட்டுங்கள் தம்பி’ என்றார். காட்டினேன். எட்டரை அங்குலத் துளை அந்த இடத்தில் பதின்மூன்று அங்குலம். துளைத்தூளைச் சோதித்த அறிக்கை என் மேசையில்தான் இருந்தது: 1.2 வீதம். அன்றிலிருந்து கலிப்பரைப் பார்க்காமல் நான் வேறெதையும் பார்ப்பதில்லை.

காமாக் கதிர்ப் பதிவுக்கும் ஒரு சந்தேகம் வையுங்கள். துளையிடும் சேற்றில் பொற்றாசியம் குளோரைட்டு கலந்திருந்தால், பாறையில் இல்லாத கதிர்வீச்சு கருவியில் ஏறும். சேற்றின் விபரம் கோப்பின் தலைப்பில் இருக்கும், படியுங்கள். எவரும் படிப்பதில்லை.

படி 3: கிணற்றுப் பதிவில் சேதனப் பொருளைப் பிடிப்பது

இது வேலையின் இதயம், ஆகவே கொஞ்சம் நிற்போம்.

ஷேலில் உள்ள சேதனப் பொருளுக்குக் கெரோஜன் என்று பெயர். அது பாறைக் கனிமங்களைப் போல் இல்லை. குவாட்ஸின் அடர்த்தி 2.65 என்றால் கெரோஜனுடையது 1.1 முதல் 1.4 வரைதான். ஒலி அதில் மெதுவாகப் போகும். மின்சாரத்தைக் கடத்தாது. கடலடியில் ஒட்சிசன் குறைந்த நிலையில் படிந்த சேதனக் களியில் யூரேனியமும் சேர்ந்துகொள்ளும். எனவே சேதன வளமுள்ள ஷேல் வந்தால் நான்கு பதிவுகளும் ஒரே நேரத்தில் பேசும்: காமா ஏறும், அடர்த்தி இறங்கும், ஒலி எடுக்கும் நேரம் கூடும், மின்தடை கூடும். சாதாரண ஷேலில் காமா 100 ஏபிஐ அலகை ஒட்டி இருந்தால் இங்கே 150-ஐத் தாண்டலாம். ஏரியில் படிந்த ஷேல்களில் யூரேனியம் அதிகம் சேராமலே சேதனக் காபன் நிறைந்திருப்பதுண்டு. காமா சத்தம் போடவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

ஒரு பதிவு மட்டும் பேசினால் அது சாட்சி அல்ல. மின்தடை மட்டும் கூடினால் இறுகிய சுண்ணக்கல்லாக இருக்கலாம். ஒலி மட்டும் மெதுவானால் அழுத்தம் மிகுந்த சாதாரண ஷேலாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் வழியை 1990-இல் பாசியும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். இன்றும் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான்.

செய்முறை இது. மின்தடையை மடக்கை அளவிலும், ஒலி நேரத்தைச் சாதாரண அளவிலும் ஒரே பட்டையில் வரையுங்கள். மின்தடை பத்து மடங்கு மாறும் அகலமும் ஒலி நேரம் அடிக்கு 50 மைக்ரோசெக்கன் மாறும் அகலமும் சமமாக இருக்கட்டும். சேதனம் இல்லாத ஒரு சாதாரண ஷேலைத் தேர்ந்து அங்கே இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று விழும்படி நகர்த்துங்கள். அதுதான் அடிக்கோடு. பிறகு மேலும் கீழும் பாருங்கள். எங்கே இரண்டு கோடுகளும் விலகிப் பிரிகின்றனவோ அங்கே கெரோஜன் இருக்கலாம்.

எண்ணில் போட்டால்: மின்தடையை அடிக்கோட்டு மின்தடையால் வகுத்து மடக்கை எடுங்கள். ஒலி நேரத்திலிருந்து அடிக்கோட்டு ஒலி நேரத்தைக் கழித்து 0.02-ஆல் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் விலகல். அடிக்கோடு 4 ஓம்-மீற்றர், அடிக்கு 80 மைக்ரோசெக்கன் என்று வையுங்கள். நம் பாறையில் 40 ஓம்-மீற்றர், 95 மைக்ரோசெக்கன். 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10, அதன் மடக்கை 1. வேறுபாடு 15-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 0.3. விலகல் 1.3.

இதைச் சேதனக் காபனாக மாற்ற முதிர்ச்சி எண் ஒன்று வேண்டும், எல்ஓஎம் என்பார்கள். 2.297-இலிருந்து, 0.1688-ஐ எல்ஓஎம்மால் பெருக்கி வந்ததைக் கழியுங்கள். வந்த எண்ணை 10-இன் அடுக்காக்கி விலகலால் பெருக்குங்கள். எல்ஓஎம் 10 என்றால் அடுக்கு 0.609, அதாவது 4.06 மடங்கு, விடை 5.3 வீதம். எல்ஓஎம் 11 என்று போட்டுப் பாருங்கள்: 2.76 மடங்கு; விடை 3.6 வீதம். பாறை அதேதான், பதிவும் அதேதான். முதிர்ச்சியை ஒரு படி மாற்றி ஊகித்ததற்கே விடையில் மூன்றிலொரு பங்கு போய்விட்டது. அளவுக்கு மீறி வெந்த வாயு ஷேல்களில், எல்ஓஎம் ஏறத்தாழ 10.5-க்கு மேல் போனால், இந்தச் சூத்திரம் குறைத்தே காட்டும் என்பதும் பின்னால் தெரியவந்தது. ஆகவே, சூத்திரத்தின் விடையை ‘வீதம்’ என்று நம்பாதீர்கள். ‘இங்கே மாதிரி எடு’ என்று சுட்டும் விரலாக மட்டும் எடுங்கள்.

படி 4: பாறையைச் சுடுங்கள்

கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறை உருளை இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் துளைத்தூள். அதை ஆய்வுகூடத்தில் படிப்படியாகச் சூடேற்றுவார்கள். குறைந்த சூட்டில் ஆவியாகிறது ஏற்கெனவே உருவான எண்ணெய். பிறகு கெரோஜன் உடைந்து வருவது இனி உருவாகக்கூடியது. அந்த இரண்டாவது மிகக் கூடுதலாக வரும் வெப்பநிலை 435 பாகையை ஒட்டினால் எண்ணெய்ப் பருவத்தின் வாசல். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பார்னெட் ஷேலில் அந்த வெப்பநிலையை விட்ரினைட் அளவாக மாற்ற ஒரு வாய்ப்பாடு கண்டார்கள்: 0.018-ஆல் பெருக்கி 7.16-ஐக் கழி. 450 பாகைக்கு 0.94. அந்த வாய்ப்பாட்டை வேறு படுகைக்குக் கொண்டுபோகும்போது கை நடுங்க வேண்டும்.

எண்ணெய் கலந்த சேற்றால் துளையிட்ட கிணற்றின் தூளில் முதல் அளவு பொய்யாக உயரும். கழுவிவிட்டுச் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

படி 5: உடையுமா?

நம் ஊர்க் குடிநீர் பெரும்பாலும் பீலியில் வருகிறது. கருங்கல்லுக்குள் துளை கிடையாது. மலையின் வெடிப்புகளில் ஓடிவரும் தண்ணீர் அது. பாறை வெடித்திருப்பதால் நாம் குடிக்கிறோம். ஷேலில் அந்த வெடிப்பை நாம் உண்டாக்க வேண்டும், உண்டாக்கிய வெடிப்பு மூடாமல் நிற்கவும் வேண்டும். களிமண் மிகுந்த ஷேல் பிளந்தாலும் மெல்ல மெல்ல அமுங்கிச் சேர்ந்துவிடும். வெடிப்பு மூடாதிருக்க உள்ளே போட்ட மணலையும் விழுங்கிவிடும்.

இதை அளக்க இரண்டு ஒலி வேகங்கள் வேண்டும்: பாறையை அமுக்கிச் செல்லும் அமுக்கலை, குறுக்கே அசைத்துச் செல்லும் வெட்டலை. அமுக்கலை செக்கனுக்கு 4.0 கிலோமீற்றர், வெட்டலை 2.4, அடர்த்தி 2.5 என்றால் புவாசோன் விகிதம் (அமுக்கினால் பக்கவாட்டில் எவ்வளவு பிதுங்கும் என்பது) 0.22, யங்கின் மட்டு (பாறையின் விறைப்பு) ஏறத்தாழ 35 கிகாபஸ்கால் வரும். வாய்ப்பாடுகள் எந்தப் பௌதிகப் புத்தகத்திலும் உண்டு. ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 2008-இல் ரிக்மனும் சகாக்களும் சொன்ன வழியில் இரண்டையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றிச் சராசரி எடுத்தால் நம் பாறையின் உடையும் தன்மை 65 என்று வரும். களிமண் ஷேலில் இது பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு.

என் கருத்தைக் கேட்டால், இந்த எண்ணுக்கு நிறையப் பேர் தேவைக்கு மேல் மரியாதை கொடுக்கிறார்கள். இறுகிய சுண்ணக்கல்லும் இதில் நல்ல புள்ளி வாங்கும். அதற்குள் வாயு ஒரு துளியும் இருக்காது. சேதனக் காபனையும் இந்த எண்ணையும் இரு அச்சில் புள்ளி போட்டு, இரண்டும் நன்றாக உள்ள மூலையை மட்டும் பாருங்கள்.

படி 6: கிணற்றையும் அதிர்வலையையும் கட்டுவது

இதுவரை கண்ட ஷேல் கிணற்றில் 2,900 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதிர்வலைப் படத்தில் அது எந்தக் கோடு? இதற்கு விடை சொல்லாமல் வரைபடம் வரைவது, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடாமல் மலைக்கு ஆள் பிரிப்பது போலத்தான்.

ஒலி வேகத்தை அடர்த்தியால் பெருக்கினால் அலைத்தடை. மேல் பாறைக்கும் கீழ்ப் பாறைக்கும் உள்ள அலைத்தடை வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எவ்வளவு தெறிக்கும் என்பது தெரியும். மேலே சாதாரண ஷேல்: 3,800 × 2.52 = 9,576. கீழே சேதன ஷேல்: 3,300 × 2.40 = 7,920. தெறிப்பு கழித்தல் 0.095; நல்ல வலுவான கழித்தல் தெறிப்பு. சேதன ஷேலின் தலை பெரும்பாலும் இப்படித்தான் தெரியும். ஆனால் மேலே சுண்ணக்கல் இருந்தால்? 5,000 × 2.65 = 13,250. தெறிப்பு கழித்தல் 0.25. இந்தப் பளிச்சென்ற கோட்டைப் பார்த்து ‘ஷேல் பிரமாதம்’ என்று குதிப்பவர்கள் உண்டு. அது சுண்ணக்கல்லின் புகழ், ஷேலுடையது அல்ல. தெறிப்பு எப்போதும் இருவரின் வேறுபாடு. ஒருவரின் குணம் அல்ல.

இந்தத் தெறிப்பு வரிசையை வேவ்லெட் என்ற சிறு அலைத் துணுக்கோடு கலந்தால் ஒரு செயற்கைத் தடம் கிடைக்கும், அதாவது அந்தக் கிணற்றருகே அதிர்வலை எப்படிப் பதிந்திருக்க வேண்டும் என்ற கணிப்பு. அதைக் கிணற்றருகே உள்ள உண்மையான தடத்தின் பக்கத்தில் வைத்துப் பொருத்துங்கள். பொருந்தவில்லை என்றால் இந்த வரிசையில் சந்தேகப்படுங்கள். முதலில் துருவம்: கூட்டல் தெறிப்பு உங்கள் படத்தில் கறுப்பா சிவப்பா? கடல் தரவு என்றால் கடலடித் தெறிப்பைப் பாருங்கள், அது நிச்சயம் கூட்டல். அடுத்து ஆழ-நேர மாற்றம்: கிணற்றில் ஒலி வாங்கியை இறக்கி நேராக அளந்த நேரம் இருந்தால் அதைக் கொண்டு திருத்துங்கள். கிணற்றுக் கருவி ஆயிரக்கணக்கான ஹேர்ட்ஸிலும் அதிர்வலை சில பத்து ஹேர்ட்ஸிலும் அளப்பதால் இரண்டு வேகங்களும் துல்லியமாக ஒத்துப்போகா. மூன்றாவது, சாய்ந்த கிணறா என்று பாருங்கள். ஷேல் தகடு தகடாகப் படிந்தது. தகட்டுக்குக் குறுக்கே போவதைவிட வழியே ஒலி வேகமாகப் போகும்.

தடத்தை இழுத்து, நீட்டி, நெருக்கிப் பொருத்த மென்பொருள் அனுமதிக்கும். செய்யாதீர்கள். மொத்தமாக மேலும் கீழும் நகர்த்துவது சரி. துண்டு துண்டாக இழுத்தால் எந்தக் கிணற்றையும் எந்தப் படத்தோடும் பொருத்திவிடலாம்.

படி 7: புள்ளியிலிருந்து பரப்புக்கு

கட்டிய பிறகுதான் கோட்டைப் பிடித்துப் படம் முழுக்க நடக்கலாம். இங்கே தடிப்பின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். வேகம் 3,500 மீற்றர், அதிர்வெண் 35 ஹேர்ட்ஸ் என்றால் அலைநீளம் 100 மீற்றர். அதில் நாலிலொரு பங்கு, 25 மீற்றர். அதற்கு மெல்லிய ஷேலின் தலையும் காலும் தனித்தனியாகத் தெரியாது. ஒன்றோடொன்று கலந்து, தடிப்பு மாறுவதையே தரம் மாறுவதுபோல் காட்டும்.

தெறிப்பைத் தலைகீழாகக் கணக்கிட்டு அலைத்தடையாக மாற்றுவதை இன்வர்ஷன் என்கிறார்கள். வண்ண வண்ணமாக வரும், பார்க்கிறவர்கள் மயங்குவார்கள். வழக்கமான அதிர்வலையில் ஏறத்தாழ 8 ஹேர்ட்ஸுக்குக் கீழ் ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடத்தைக் கிணற்று எண்களால்தான் நிரப்புகிறார்கள். கிணறுகளுக்கு இடையில் தெரியும் மெதுவான மாற்றம் பாறையிலிருந்து வந்ததல்ல, நாம் ஊற்றியது. ஒரு கிணற்றைக் கணக்கில் சேர்க்காமல் மறைத்துவைத்துச் செய்து பாருங்கள். மறைத்த கிணற்றின் எண்ணைப் படம் சரியாகச் சொன்னால் நம்பலாம்.

அடுக்கும் முன் உள்ள தரவு கிடைத்தால், கோணத்துக்குக் கோணம் தெறிப்பு மாறுவதிலிருந்து வெட்டலை வேகத்தையும் எடுக்கலாம். அப்போதுதான் ஐந்தாம் படியின் எண் பரப்பு முழுவதுக்கும் வரும். அடர்த்தி வேண்டுமென்றால் மிக அகன்ற கோணங்கள் தேவை. பழைய தரவில் அவை இருக்காது.

படி 8: எங்கே தோண்டக் கூடாது

உமா ஓயாச் சுரங்கம் வெட்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியதும் வீடுகள் வெடித்ததும் நமக்குப் புதுக் கதை அல்ல. பாறைக்குள் இருந்த வெடிப்பு வழியே தண்ணீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. ஷேலில் இதன் மறுபக்கம் நடக்கும். டெக்சாஸில் பார்னெட் ஷேலுக்குக் கீழே எலன்பர்கர் என்ற சுண்ணக்கல் உண்டு. நீர் நிறைந்தது, குகைகள் இடிந்து விழுந்த தடங்கள் உள்ளது. நடுவில் வயோலாச் சுண்ணக்கல் தடுப்பாக இருக்கும் பகுதியில் பிளப்பு அடங்கி நின்றது. தடுப்பு இல்லாத மேற்குப் பக்கத்தில் வெடிப்பு கீழே இறங்கினால் கிணற்றில் வாயுவுக்குப் பதில் தண்ணீர். அந்தக் குகைக் குழிகளையும் பிளவுத்தளங்களையும் அதிர்வலைப் படத்தில் முன்கூட்டியே காணலாம். பக்கத்துத் தடங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று கணக்கிடும் வரைபடத்திலும், பாறை அடுக்கின் வளைவைக் காட்டும் வரைபடத்திலும் அவை கோடுகளாகவும் வட்டங்களாகவும் தெரியும்.

பிளவுத்தளத்தைத் தொட்டால் தண்ணீர் மட்டுமல்ல, நிலமும் அசையும். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நியூ ரோட் தளத்தில் 2019 ஓகஸ்டில் 2.9 அளவில் அதிர்வு ஏற்பட்டது. அந்த நவம்பரில் இங்கிலாந்து முழுவதும் நீரழுத்தப் பிளப்பு நிறுத்தப்பட்டது. சிறிய பிளவுத்தளங்கள் படத்தின் கண்ணுக்குத் தப்பிவிடும். கண்ட பிளவுக்கு மட்டும் விலகி நின்றால் போதாது. காணாததற்கும் இடைவெளி விடுங்கள்.

படி 9: கணக்கு

ஒரு சதுரக் கிலோமீற்றர், 50 மீற்றர் தடிப்பு, அடர்த்தி 2.5: 12.5 கோடித் தொன் பாறை. தொன்னுக்கு 3 கனமீற்றர் வாயு என்றால் 37.5 கோடிக் கனமீற்றர். துளைகளில் சுதந்திரமாக இருப்பது ஒரு பகுதி, கெரோஜனின் மேல் ஒட்டியிருப்பது மறு பகுதி. ஒட்டியது அழுத்தம் நன்றாக இறங்கிய பிறகே விடுபடும். இது பாறையில் இருப்பது. மேலே வருவது அதில் ஒரு சிறு பங்குதான்.

ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். தடிப்பு, வாயு அளவு இரண்டுக்கும் குறைந்தது, நடு, கூடியது என்று மூன்று எழுதிப் பெருக்குங்கள். போலந்தில் 5.3 டிரில்லியன் கனமீற்றர் எடுக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2011-இல் சொன்னது. அடுத்த வருடமே போலந்தின் சொந்தப் புவிச்சரிதவியல் நிறுவனம் பழைய கிணறுகளின் தரவைப் பார்த்து 346 முதல் 768 பில்லியன் வரைதான் என்றது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. கலிபோர்னியாவின் மொன்டரே ஷேலில் 13.7 பில்லியன் பீப்பாய் என்ற மதிப்பீடு 2014-இல் 0.6 பில்லியனுக்கு இறங்கியது.

மன்னாரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு

கடைசியில் கேள்வி அங்கேதான் போய் நிற்கும். தலவாக்கலைத் தம்பி ஒருவர் போன ஞாயிறும் கேட்டார்: ‘அண்ணா, மன்னாரில் ஷேல் வாயு எடுக்கலாமா?’

மன்னார்ப் படுகையில் 2011-இல் கண்டறிந்த டொராடோ, பரகூடா இரண்டும் மணற்கல்லில் உள்ள வாயு. டொராடோவின் மேல் நிற்கும் கடல் மட்டும் 1,354 மீற்றர் ஆழம். ஷேலுக்கு நூற்றுக்கணக்கில் கிணறுகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் பலமுறை பிளக்க வேண்டும். அந்த ஆழக் கடலில் அது கட்டுப்படியாகாது. நான் ‘இல்லை’ என்றேன்.

ஆனால் அந்த மணற்கல்லுக்குள் வாயு எங்கிருந்து வந்தது? எங்கோ ஒரு ஷேல் வெந்திருக்கிறது. அது எது, எவ்வளவு தடிப்பு, எந்தப் பதத்தில் இருக்கிறது என்று தேடுவதற்கு மேலே எழுதிய படிகள்தாம், ஐந்தாவதைத் தவிர. பாக்கு நீரிணையின் இந்தியப் பக்கத்தில் காவிரிப் படுகையின் ஆண்டிமடம், சாத்தப்பாடி ஷேல்களை இதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். மன்னாரில் எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் அடுக்குகளும் உண்டு. அவற்றின் தலை படத்தில் பளிச்சென்று தெரியும், அதற்குக் கீழே உள்ள தெறிப்புகள் மங்கும். ஆகவே முதலில் கிணற்றைத் திறங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

தம்பி டீபொட் டோமிலிருந்து ஒரு கிணற்றைத் திறந்து வியாழக்கிழமை படம் அனுப்பியிருந்தார். நயோபிராராவில் மின்தடையும் ஒலியும் அழகாகப் பிரிந்து நிற்கின்றன, சிவப்பும் பூசியிருக்கிறார். கலிப்பரைக் காணவில்லை. அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.